கணக்கு நோட்டில் சிக்குக் கோலம்: குழந்தைகளோடு போட்டுப் பார்க்க ஒரு செய்முறை

போட்டு முடித்த சிக்குக் கோலத்தைக் காட்டி "இதே மாதிரி போடு" என்றால் பெரும்பாலான குழந்தைகள் பாதியிலேயே விட்டுவிடுவார்கள். எந்தக் கோடு எதற்கு மேல் போகிறது என்று கண் குழம்பிவிடும். என் மகளும் அப்படித்தான் பேப்பரைத் தள்ளிவைத்தாள். அதனால் படத்தைக் காட்டாமல் விதியை மட்டும் சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன். இப்போது அவள் போடுகிற கோலங்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லாதவை. ஏழெட்டு வயதிலிருந்து யாரும் செய்யலாம்.

என்ன வேண்டும்

கட்டம் போட்ட கணக்கு நோட்டு, பென்சில், ரப்பர், சில கலர் பென்சில்கள். கட்டம் பெரிதாக இருந்தால் நல்லது. ஸ்கெட்ச் பேனா வேண்டாம், பின்பக்கத்துக்கு ஊறிவிடும். புள்ளி அச்சடித்த தாளையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சீராகப் புள்ளி வைக்கப் பழகுவதுதான் கோலத்தின் முதல் பாடம்.

படி 1: புள்ளி

கட்டக் கோடுகள் வெட்டும் முனையில் ஒரு புள்ளி. ஒரு முனை விட்டு அடுத்த முனையில் இன்னொன்று. வரிசைக்கு மூன்று புள்ளி, மொத்தம் இரண்டு வரிசை. வரிசைகளுக்கு நடுவிலும் ஒரு முனை இடம் விட வேண்டும். எல்லாம் நேர்ப்புள்ளி, அதாவது ஒன்றுக்கு நேர் கீழே ஒன்று. மேல் வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் வரும்படி வைக்கும் இடைப்புள்ளி இப்போது வேண்டாம்.

படி 2: சாய்சதுரம்

ஒவ்வொரு புள்ளிக்கும் மேலே, கீழே, இடது, வலது என்று அடுத்த முனை இருக்கிறதல்லவா? அந்த நான்கையும் சாய்கோடுகளால் இணையுங்கள். புள்ளியைச் சுற்றி ஒரு குட்டிச் சாய்சதுரம் வரும். பக்கத்துப் புள்ளிகளின் சாய்சதுரங்கள் முனையில் முட்டிக்கொண்டு நிற்கும். பென்சிலால் மெல்லிசாகப் போட்டால் போதும்.

படி 3: கம்பியைப் பின்தொடர்வது

புள்ளிகளைச் சுற்றி விடாமல் ஓடும் கோட்டைத்தான் கம்பி என்கிறோம். இந்த இடத்தில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள், பெரியவர்கள் உட்பட. கலர் பென்சிலை ஏதாவது ஒரு கோட்டில் வைத்து நகர்த்தச் சொன்னால், குழந்தை ஒரே புள்ளியைச் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். சாய்சதுரத்தைப் பார்த்த கண் சாய்சதுரத்தைத்தானே வரையும்!

விதி இரண்டே இரண்டு:

இரண்டு புள்ளிக்கு நடுவில் உள்ள முனைக்கு வந்தால், திரும்பாமல் நேராகக் குறுக்கே போ.
அந்தப் பக்கம் புள்ளியே இல்லாத ஓர முனைக்கு வந்தால், வளைந்து திரும்பு.

கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் சட்டத்தில் பட்டுத் திரும்புகிற மாதிரி. என் மகளுக்கு இதைச் சொன்னதும் புரிந்தது. அதற்கு முன் நான் சொன்ன எதுவும் உதவவில்லை. முதல் தடவை நீங்களும் கூடவே உட்கார்ந்து, ஒவ்வொரு முனையிலும் "நடுவா, ஓரமா?" என்று மட்டும் கேளுங்கள். கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். பதிலை அவர்களே சொல்ல வேண்டும்.

சரியாகப் போனால் இரண்டு வரிசை, மூன்று புள்ளிக் கோலத்தில் ஒரே கம்பி எல்லாப் புள்ளிகளையும் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்தில் முடியும். பிறகு ஓர முனைகளை வட்டமாக இழைத்துவிட்டால், பார்க்க அசல் வாசல் கோலம்தான்.

படி 4: எண்ணிப் பார்ப்பது

அடுத்து மூன்றுக்கு மூன்று, அதாவது மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி போடச் சொல்லுங்கள். பென்சில் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிய பிறகும் நிறம் படாத கோடுகள் மிச்சம் இருக்கும். நிறத்தை மாற்றி, மிச்சத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். முடிவில் மூன்று கம்பிகள் வரும்: மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு நீண்ட வளையம், நடுவில் ஒரு பெரிய சாய்சதுரம். இப்படி வரவில்லையென்றால் எங்கேயோ ஒரு நடுமுனையில் திரும்பிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இப்போது ஒரு அட்டவணை போடச் சொல்லுங்கள். 2க்கு 4 என்றால் 2 கம்பி. 3க்கு 4 என்றால் 1. 3க்கு 6 என்றால் 3. 4க்கு 6 என்றால்? போடுவதற்கு முன்பே ஊகிக்கச் சொல்லுங்கள்.

விடை 2. இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி (இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண்) எதுவோ, அதுதான் கம்பிகளின் எண்ணிக்கை. ஆறாம் வகுப்புக் குழந்தை இதைத் தானாகக் கண்டுபிடிக்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். தயவுசெய்து முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்! நாம் காத்திருப்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

கோலத்தில் கணிதம் இருப்பதை ஆராய்ச்சியாளர்களும் விரிவாகப் பார்த்திருக்கிறார்கள். தாம்பரத்தில் சென்னை கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனியோடும் கமலா கிருத்திவாசனோடும் சேர்ந்து 1974இல் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஒரு மொழிக்கு இலக்கணம் எழுதுவது போலக் கோலத்துக்கும் விதிகள் எழுதி, அதிலிருந்து படங்களை உருவாக்கலாம் என்பது அவர்கள் காட்டிய வழி. வாசலில் தினமும் குனிந்து போட்ட பெண்களின் கையில் இருந்த அறிவு அது. பாட்டியோ அத்தையோ வீட்டில் இருந்தால் கட்டாயம் கூட உட்கார வையுங்கள். நோட்டே இல்லாமல் அவர்கள் போடும் வேகத்தைக் குழந்தைகள் பார்க்கட்டும்.

படி 5: பல கம்பியை ஒன்றாக்குவது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மூன்றுக்கு மூன்று கோலத்தை எடுங்கள். இரண்டு வேறு நிறங்கள் வெட்டிக்கொள்ளும் ஒரு முனையைத் தேர்ந்தெடுத்து, அங்கே மட்டும் வெட்டை அழித்துவிட்டு, கோடுகள் ஒன்றையொன்று தொடாமல் வளைந்து விலகுவது போல மாற்றுங்கள். இரண்டு கம்பிகளும் ஒரே கம்பியாகிவிடும். மேல் வரிசையில் இடது மூலைப் புள்ளிக்கும் நடுப்புள்ளிக்கும் இடையில் ஒன்று, நடுப்புள்ளிக்கும் வலது மூலைக்கும் இடையில் ஒன்று என இரண்டு மாற்றம் செய்தால், மூன்று கம்பியும் சேர்ந்து ஒற்றைக் கம்பிக் கோலம் ஆகிவிடும்.

ஒரே நிறம் தன்னைத்தானே வெட்டும் இடத்தில் கை வைத்தால் சில சமயம் கம்பி இரண்டாகப் பிரியும். அதையும் செய்து பார்க்கட்டும். எந்த முனையை மாற்றுவது என்று குழந்தை யோசிக்கத் தொடங்கியதும் புதுப் புது வடிவங்கள் தானாக வரும். அழகாக இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது, அது எங்கள் வீட்டுச் சட்டம்.

பின்சேர்க்கை

படித்துவிட்டுச் செய்து பார்த்த ஒருவர், 1, 3, 5, 3, 1 என்று புள்ளி வைத்தால் கணக்கு ஒத்துவரவில்லையே என்று கேட்டிருந்தார். ஒத்துவராது. எல்லா வரிசையிலும் ஒரே எண்ணிக்கையில் நேர்ப்புள்ளி இருந்தால்தான் பொதுக் காரணி விதி செல்லும். மற்ற கோலங்களுக்குப் படி 2, 3 இரண்டும் அப்படியே பொருந்தும். கம்பியை நிறம் தீட்டி எண்ணிக்கொள்ளுங்கள்.

நோட்டிலிருந்து வாசலுக்கு எப்போது போகலாம் என்றும் கேட்டார்கள். இரண்டுக்கு மூன்று பார்க்காமலே வந்துவிட்டால் போகலாம். முதலில் சாக்பீஸ், அப்புறம் மாவு. பச்சரிசி மாவு ரொம்ப நைஸாக இருந்தால் விரலிடுக்கில் சிக்கி விழாது, கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்துக்கொள்ளுங்கள். தெளித்த தண்ணீர் தேங்கி நிற்கும்போது போட்டால் கம்பி கரைந்து படரும், தரை ஈரம் இழுத்தபின் தொடங்குங்கள். சாய்சதுரம் போடாமல் நேரடியாக வளைக்கச் சிரமப்பட்டால், சாக்பீஸால் அதை லேசாகப் போட்டுக்கொண்டு அதன் மேல் மாவு இழுக்கலாம்.