நெருக்காத வளர்ப்பும் நிறைவான வேலையும்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

பிள்ளைகளை நெருக்காமல் வளர்ப்பது, தமக்கும் மனநிறைவு தரும் வேலையைத் தேடிக்கொள்வது என்ற இரண்டு முடிவுகளையும் ஒரே மூச்சில் எடுத்த இளம் பெற்றோர் சிலரை அண்மைக் காலமாக அருகிருந்து பார்த்து வருகிறேன். பத்து ஆண்டுகளுக்கு முன் நான் இடறிய இடங்களிலேயே அவர்களும் வரிசை தவறாமல் இடறுகிறார்கள். அடிப்பதும், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதும் தவறென்று எல்லோரும் அறிவார்கள். அவற்றை இங்கே எடுக்கவில்லை.

எல்லையே வகுக்காமல் விடுவது

உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1966-இல் பெற்றோரை மூன்று வகையாகப் பிரித்தார்: கீழ்ப்படிதலையே எதிர்பார்ப்பவர், எதையும் தடுக்காதவர், பரிவோடு காரணம் சொல்லி எல்லையும் வகுப்பவர். நெருக்காமல் வளர்க்க விரும்புவோர் சேர வேண்டிய இடம் மூன்றாவது. ஆர்வக் கோளாறில் போய் நிற்பதோ இரண்டாவது. உறங்கும் நேரத்தில் மட்டும் பேரம் கிடையாது என்று எங்கள் வீட்டில் முடிவு செய்த பிறகுதான், மற்றவற்றை முகம் சுளிக்காமல் விட்டுக்கொடுக்க என்னால் முடிந்தது.

குழந்தையின் விளையாட்டைத் திட்டமாக மாற்றுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மீதே எரிச்சல் வருகிறது. என் மகள் ஆறு வயதில் இல்லாத ஊர்களுக்கு வரைபடம் வரைவாள். பழைய நாட்காட்டித் தாள்களைத் திருப்பிப் போட்டுத் தரையில் குப்புறப் படுத்துக்கொள்வாள். நீல வண்ணம் தீர்ந்துபோனால் ஆறுகள் பச்சையாக ஓடும். ஓர் ஊரில் எல்லாத் தெருக்களும் ஒரே கிணற்றில் போய் முடிந்தன. ஏனென்று கேட்டதற்கு, "அவங்களுக்கெல்லாம் தாகம்" என்றாள்.

அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க எனக்குத் தெரியவில்லை. நல்ல தாள் வாங்கினேன். அளவுகோல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன். ஒரு படத்துக்கு ஒரு நட்சத்திரம், பத்து நட்சத்திரத்துக்கு ஒரு பரிசு என்று சுவரில் அட்டவணை ஒட்டினேன். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் படங்களை எடுத்துக் காட்டினேன். மூன்று மாதத்துக்குள் படங்கள் சிறுத்துப் போயின, கிணறு காணாமல் போயிற்று, "இதுக்கு எத்தனை நட்சத்திரம்?" என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது. அட்டவணையைக் கிழித்தெறிந்த பின்னும் அவள் வரைபடங்களுக்குத் திரும்பவில்லை.

மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவரும் 1973-இல் வெளியிட்ட ஆய்வை நான் படித்தது அதற்கு வெகுநாள் கழித்துத்தான். வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள 3 முதல் 5 வயதுக் குழந்தைகளில் ஒரு குழுவினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். ஓரிரு வாரங்கள் கழித்துக் கவனித்தபோது, அக்குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்ற குழந்தைகளிடம் அந்தச் சரிவு காணப்படவில்லை. ஆகவே கெடுதல் பரிசால் வந்ததாகச் சொல்ல முடியாது. செய்தால் கிடைக்கும் என்ற பேரத்தால் வந்தது.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பதுதான் இன்னும் சங்கடமான பகுதி. அக்காலத்தில் அலுவலகத்தில் யாரும் படிக்காத அறிக்கைகளைத் தயாரித்துக்கொண்டிருந்தேன்; நாள் முடிவில் ஏதேனும் ஒன்று வளர்ந்திருப்பதைக் கண்ணால் காண வேண்டும் என்ற தவிப்பு எனக்கு இருந்தது. கைக்கு எட்டியது அவளுடைய படங்கள்.

பிள்ளையின் சலிப்பைப் போக்க ஓடுவது

ஓடாதீர்கள்.

வேலையை விட்டால் நிறைவு வரும் என்று நம்புவது

நேரம் வரும்; வாடகை நாளும் வரும்.

நிறைவு வேலையின் பெயரில் இருப்பதாக எண்ணுவது

ஏமி ரெஸ்னெஸ்கியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அலுவலக உதவியாளர் பணியில் இருந்தவர்களே அதை வயிற்றுப்பாடு என்றும், முன்னேறும் ஏணி என்றும், மனம் அழைத்த பணி என்றும் மூன்று விதமாகப் பார்த்தது தெரியவந்தது. மூன்று பிரிவினரும் ஏறக்குறையச் சம எண்ணிக்கையில் இருந்தனர். நானும் வேலையை மாற்றவில்லை. புதிதாகச் சேர்வோருக்குக் கணக்கு முறைகளைக் கற்றுத்தரும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அறிக்கைகளில் பாதியைக் கைமாற்றிவிட்டேன். ஒருவர் தம் பிழையைத் தாமே கண்டுபிடித்துத் தலை நிமிரும்போது ஏற்படும் மகிழ்ச்சிக்காகவே இப்போது காலையில் விரைவாகக் கிளம்புகிறேன். முதல் வாரத்தில் அங்கும் ஒரு நட்சத்திர அட்டவணையைத் தயாரித்து மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன், நல்லவேளையாக ஒட்டவில்லை.