சூப்பர்சார்ஜர் போட்ட பெட்ரோல் பிக்கப்புக்கு காத்து-பெட்ரோல் மிக்சர் செட் பண்ணுதது எப்படி

அண்ணாச்சி, மொதல்ல சைலன்சர் புகைய வச்சு மிக்சர் அளவு சொல்லுத வைடுபேண்ட் சென்சார் மாட்டுங்க, அது இல்லாம லேப்டாப்ப தொறக்கவே வேண்டாம்.

இன்ஜெக்டர் அளவு, ஃபியூவல் பிரஷர், மேப் சென்சார் (இன்டேக் காத்தழுத்தத்த அளக்குதது) எல்லாத்தையும் ஈசியூல (இன்ஜின் கம்ப்யூட்டர்) சரியா குடுத்துட்டு ஐடில், மெதுவா ஓடுத எடத்த லாம்டா 1 (காத்தும் பெட்ரோலும் மிச்சமில்லாம எரியுத அளவு, அதுக்கு கீழ போனா பெட்ரோல் கூடுதல்) பக்கம் கொண்டாங்க. இப்ப பங்க்ல எத்தனால் கலந்துதான் வருது, அதனால ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்துங்கிற கணக்க விட்டுட்டு லாம்டாவையே பாருங்க.

பூஸ்ட் (சூப்பர்சார்ஜர் அமுக்கி விடுத காத்தழுத்தம்) ஏறும்போதுதான் விசயமே இருக்கு, லாம்டா 0.78லேருந்து 0.82க்குள்ள நிக்கணும், ஆரம்பத்துல பெட்ரோல கூடுதலாவே விட்டு, இக்னிஷன் டைமிங்க கொறச்சு வச்சுகிட்டு, ஒவ்வொரு தடவையும் லாக் (லேப்டாப்ல பதிவான ரீடிங்) பாத்து கொஞ்சங்கொஞ்சமா பெட்ரோல கொறைங்க, லீனா போச்சுன்னா (பெட்ரோல் ரொம்ப கொறஞ்சா) நாக் அடிச்சு (உள்ள பெட்ரோல் தானா வெடிச்சு) பிஸ்டன் உருகிரும், பாத்தா வயிறு எரியும். டைனோலயே (வண்டிய நின்ன எடத்துலயே ஓட்டி பவர் அளக்குத மெசின்) பண்ணுங்க, நாலுவழிச்சாலைல வச்சு மிதிக்காதீய.

கயத்தாறு பக்கம் உச்சி வெயில்ல இன்டேக் சூடு எகிறும், காலைல செஞ்ச ட்யூன மதியமும் ஒருவாட்டி லாக் எடுத்து பாத்துக்கிடுங்க.