மணிக்கு மணி: தெருவில் ஒரு நேர வங்கி தொடங்குவது எப்படி

கல்யாண வீட்டு மொய் நோட்டைப் புரிந்தவருக்கு நேர வங்கியில் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதி, இரண்டும் வேறுபடும் இடத்தில் இருக்கிறது. மொய்யை, செய்தவருக்கே திருப்பிச் செய்ய வேண்டும். நேர வங்கியில் நீங்கள் ஒருவருக்கு உழைத்த மணியை, குழுவில் உள்ள வேறு யாரிடமும் உதவியாகப் பெற்றுக்கொள்ளலாம். ஜப்பானின் ஒசாகாவில் தெருகோ மிசுஷிமா 1973இல் இந்த வழியில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1980களில் அமெரிக்க வழக்கறிஞர் எட்கர் கான் இதைத் தம் நாட்டில் பரப்பினார்.

பத்துப் பன்னிரண்டு வீடுகள் சேர்ந்தால் தொடங்கிவிடலாம். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு பட்டியல்களை எழுதி வாங்குங்கள்: தங்களால் செய்து தர முடிந்தவை, தங்களுக்குத் தேவைப்படுபவை. இரண்டாவது பட்டியல் பெரும்பாலும் வெறுமையாகவே வரும், ஏனெனில் கொடுக்க முன்வரும் நம்மவர்களுக்குக் கேட்கக் கூச்சம். எல்லோரும் கொடுக்க மட்டுமே காத்திருந்தால் ஒரு மணி நேரம்கூடக் கைமாறாது என்பதால், குழுவைத் தொடங்குபவரே முதலில் ஓர் உதவி கேட்பது நல்லது.

வருமான வரிப் படிவம் நிரப்பித் தரும் ஒரு மணியும் ரவிக்கைக்குக் கொக்கி தைத்துத் தரும் ஒரு மணியும் சமம் என்பதே அடிப்படை விதி. இதில் பேரம் புகுந்தால் அது சாதாரணக் கூலி வேலையாகிவிடும். நூல், பெட்ரோல் போன்ற செலவுகளைப் பணமாகத் தனியே கொடுத்துவிட வேண்டும். மின்இணைப்பு, எரிவாயு வேலைகளைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்; அவை உரிய பயிற்சி பெற்றவர்களுக்கானவை.

கணக்குக்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். எல்லோரும் பூச்சியத்தில் தொடங்குகிறார்கள். மூன்றாம் வீட்டு அம்மா மாடிவீட்டுப் பையனுக்கு ஒன்றரை மணி நேரம் கணக்குச் சொல்லிக் கொடுத்தால், அவருக்கு ஒன்றரை மணி வரவு, மாடிவீட்டுக்கு ஒன்றரை மணி பற்று. பையனின் அப்பா கீழ்வீட்டுத் தாத்தாவைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப்போய் வர இரண்டு மணி ஆனால், மாடிவீட்டுக்கு அரை மணி மிஞ்சும், தாத்தாவுக்கு இரண்டு மணி பற்று விழும். பற்று விழுவதைக் கடனாக நினைத்து அவர் கூசத் தேவையில்லை. யாரோ ஒருவர் பற்றில் இருந்தால்தான் மற்றவருக்கு வரவு இருக்க முடியும். ஆனாலும் பற்றுக்கு ஐந்து மணி நேரம் என்பதைப் போல ஒரு வரம்பை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பற்றைத் தீர்க்கத் தாத்தாவுக்கும் வழி உண்டு: பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுடன் பெற்றோர் திரும்பும்வரை இருப்பது அவரால் இயன்ற வேலைதான்.

மாதக் கடைசியில் எல்லோர் வரவையும் கூட்டி, அதிலிருந்து எல்லோர் பற்றையும் கழித்துப் பாருங்கள், பூச்சியம் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு பதிவு ஒரு பக்கத்தில் மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. அன்று மாலையே இரு வீட்டாரையும் கேட்டுத் திருத்திவிடுங்கள்.