பாட்டு வாயோடு நின்றுவிட்டால்

கை கழுவும் பாட்டை ஒரு சொல் பிசகாமல் பாடும் பிள்ளை, உள்ளங்கையை மட்டும் நனைத்துவிட்டுச் சோற்றில் கை வைக்கும். பாட்டும் கையும் ஒட்டவில்லை. 'குழாயைத் திற' என்று பாட்டு தொடங்குகிறது. வடசென்னைக் காசிமேட்டு வீட்டிலோ குடத்துத் தண்ணீரை மொண்டு ஊற்ற வேண்டும். அந்த வீட்டுக்கு ஏற்ப வரியை மாற்றுங்கள்: "மொண்டு ஊத்து, சோப்பு போடு, விரல் இடுக்கு, நகக்கண்ணு." கானா மெட்டு என்றால் நம் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஆனால் வேகத்தைக் குறையுங்கள். சோப்புப் போட்டுத் தேய்க்கவே 20 நொடி வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, கடைசிவரை பெரியவர்களே பாடிக்கொண்டிருப்பது. உளவியலாளர்கள் டொனால்ட் மெய்க்கன்பாமும் ஜோசப் குட்மேனும் 1971-இல் அவசரப்படும் பிள்ளைகளுக்காக ஒரு முறையை வெளியிட்டார்கள். முதலில் பெரியவர் வாய்விட்டுச் சொல்லியபடி செய்துகாட்டுவார். அடுத்து அவர் சொல்லச் சொல்லப் பிள்ளை செய்யும். பிறகு பிள்ளையே உரக்கச் சொல்லிச் செய்யும், அப்புறம் முணுமுணுத்து, கடைசியில் மனசுக்குள் சொல்லி. நம் வீடுகளில் இரண்டாம் படியைத் தாண்டுவதே அபூர்வம்.

செய்துகாட்டும்போது தப்பே இல்லாமல் செய்துகாட்டுவதும் போதாது. ஷூ லேஸ் கட்டும்போது வேண்டுமென்றே ஒரு முடிச்சை நழுவவிட்டு, "அய்யோ, அவுந்துடுச்சு. பரவால்ல, வளையத்த இறுக்கிப் புடி, மெதுவா இழு" என்று சொல்லிக் காட்டுங்கள். தடுமாறினால் தனக்குத்தானே என்ன சொல்லிக்கொள்வது என்பதையும் பிள்ளை கற்கவேண்டும். மெய்க்கன்பாம் முறையிலேயே இது உண்டு. எனக்கு இதுதான் அதன் உயிர்.

"இன்னாடா தனியா பொலம்பினுகீற?" என்று அதட்டுவதை தயவுசெய்து விடுங்கள். வேலை கடினமானால் பிள்ளைகள் தமக்குத்தாமே வாய்விட்டுப் பேசுவது கூடும் என்று ருஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி 1930-களிலேயே எழுதிவிட்டார். அந்தப் பேச்சுதான் பின்னால் சிந்தனையாக உள்ளே போகிறது.

பெருக்கல் வாய்ப்பாட்டில் இன்னொரு சிக்கல். "எட்டேழு எவ்ளோ?" என்று கேட்டால் "ஓரேழு ஏழு" என்று ஆரம்பத்திலிருந்து ஓடிவரும். ராகத்தோடு மனப்பாடமானது ராகத்தோடுதான் வரும். நன்றாகப் பாட வந்தபின் நடுவிலிருந்து தொடங்கவையுங்கள், தலைகீழாகக் கேளுங்கள், சில நாள் மெட்டே இல்லாமல் கேளுங்கள்.