பழைய வரைபடத்தில் ஊர் வரலாறு தேட

பழைய டோப்போ ஷீட் (நில அமைப்பை விவரமாகக் காட்டும் வரைபடத் தாள்) கிடைத்தால் விடாதீர்கள். ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் (1:63,360) அளவிலான தாள்களில் கிணறு, ஒற்றையடிப் பாதை, சில சமயம் கைவிட்ட குடியிருப்புகூட இருக்கும்.

ஸ்கேன் செய்து கூகுள் எர்த்தில் இன்றைய படத்தின் மேல் போட்டு, அடியில் உள்ளது தெரியும் அளவுக்குப் பழைய தாளை மங்கலாக்கிப் பாருங்கள். பொருத்துவதற்கு ஆற்று வளைவை நம்ப வேண்டாம், அது இடம் மாறும். பழைய பாலம், ரயில் பாதை என்றால் சரி. வயல் வரப்பு காரணமே இல்லாமல் நீளமாக வளைந்து போகிறதா? பழைய வண்டிப்பாதை அதன் மேல் வந்து உட்காருகிறதா என்று பாருங்கள்.

அப்புறம், தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் அளவெடுத்த ஆண்டு இருக்கும். அச்சிட்ட ஆண்டு வேறு! பலரும் சறுக்குவது இங்கேதான்.