விருப்பு வாக்கை எண்ணுவது எப்படி?

கல்லடியில் எங்கள் வாசிகசாலைச் சுற்றுலாவுக்கு எங்கே போவது என்று போன மாதம் வாக்கெடுத்தோம். இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் போல, கூடப் பிடித்த இடத்துக்கு 1, அடுத்தடுத்தவற்றுக்கு 2, 3 என்று விருப்பு இட்டோம். எண்ணும்போது நான் விட்ட பிழையால் முடிவே மாறப் பார்த்தது. அதனால் எண்ணிய விதத்தை அப்படியே எழுதுகிறேன்.

1. செல்லாத சீட்டுகளை விலக்குங்கள். 41 சீட்டில் ஒன்றில் இரண்டு இடங்களுக்கு 1 போட்டிருந்தது. மிச்சம் 40. பாதிக்கு மேல் என்றால் 21 வேண்டும், 20 போதாது.

2. முதல் விருப்பைப் பார்த்துக் கட்டுகளாகப் பிரியுங்கள். பாசிக்குடா 15, அறுகம்பை 12, உன்னிச்சை 8, திருக்கோவில் 5. இங்கேயே நிறுத்தினால் பாசிக்குடாதான். ஆனால் 25 பேர் வேறு இடம் கேட்டிருக்கிறார்களே!

3. யாருக்கும் 21 வராததால், கூடுதலாக எடுத்த முதல் இரண்டு இடங்களை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிட்டு, அவற்றின் 13 சீட்டை மட்டும் எடுங்கள். பாசிக்குடா, அறுகம்பை கட்டுகளைத் தொடவே வேண்டாம்.

4. அந்த 13இன் இரண்டாம் விருப்பைப் பாருங்கள். பாசிக்குடாவுக்கு 3, அறுகம்பைக்கு 4. ஒன்றில் வேறு விருப்பே இல்லை. மீதி ஐந்தில் இரண்டாம் விருப்பும் நீக்கிய இடத்துக்கே போயிருந்தது. அவற்றையும் ஒதுக்கிவிட்டு, 18க்கு 16, பாசிக்குடா என்று சொல்லிவிட்டேன். கூட எண்ணிய தங்கச்சி ஒரு சீட்டைத் தூக்கிக் காட்டினாள்: உன்னிச்சை 1, திருக்கோவில் 2, அறுகம்பை 3. "அண்ணா, இதில மூன்று இருக்கே?" ஐந்திலும் மூன்றாம் விருப்பு அறுகம்பைக்குத்தான். சரியான கணக்கு அறுகம்பை 21, பாசிக்குடா 18.

கூகுள் படிவம், எக்செல் எதுவும் வேண்டாம். தாளும் இறப்பர் வளையமும் போதும். சீட்டு கட்டு மாறுவதை எல்லாரும் கண்ணால் கண்டதால்தான் பாசிக்குடாக்காரர் மனம் கோணாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

பின்சேர்க்கை: வேறு விருப்பு இல்லாத சீட்டுகள் கூடினால் யாருக்கும் பாதி வராதே என்று அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். உண்மைதான். 2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் அப்படித்தான் நடந்தது. முதல் எண்ணிக்கையில் 42.31 வீதம் எடுத்த அனுர குமார திசாநாயக்கவுக்கு, விருப்புகளும் சேர்ந்து 5,740,179. சஜித் பிரேமதாசவுக்கு 4,530,902. செல்லுபடியான வாக்குகளோ 1 கோடியே 33 இலட்சத்துக்கு மேல். அதில் பாதி இருவருக்குமே இல்லை. அப்படி வந்தால் எஞ்சிய இருவரில் கூடுதலாக எடுத்தவரே வென்றவர். உங்கள் சங்கத்திலும் இந்த விதியை வாக்கெடுப்புக்கு முன்பே சொல்லிவிடுங்கள். நாங்கள் அடுத்த முறை சீட்டின் மேலேயே 'மூன்று விருப்பும் இடலாம்' என்று அச்சடிக்கப் போகிறோம்.