நோட்டீஸ் வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள்

2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது, திருப்பூரில் ஆர்டர் நின்றது என்று பேப்பரில் போட்டார்கள். 12 பவர் டேபிள் (தையல் மெஷின்) வைத்து ஜாப் ஒர்க் செய்யும் எங்களைப் போன்றவர்களுக்கு நின்றது பழைய பில் பணம். மூன்று தவணை தாண்டியதும் பேங்கிலிருந்து ரிஜிஸ்டர் தபால் வந்தது. வெள்ளிக்கிழமை அதுவுமாக இதைப் பிரிக்க வேண்டாம் என்று அம்மா சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தவர் அப்படியே மறந்துவிட்டார். நான் எடுத்துப் பார்த்தபோது 19 நாள் ஓடியிருந்தது.

அது சர்ஃபாசி சட்டத்தில் (அடமானச் சொத்தைக் கோர்ட்டுக்குப் போகாமலே பேங்க் எடுக்க வழி தரும் சட்டம்) வரும் 13(2) நோட்டீஸ். கடனைக் கட்ட 60 நாள் கெடு. பலர் இதைப் பார்த்ததும் வீடு போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள், இல்லாவிட்டால் வாங்காமல் திருப்பி அனுப்புகிறார்கள். இரண்டுமே தப்பு. சரியான முகவரிக்கு வந்த தபாலை 'வாங்க மறுப்பு' என்று திருப்பினால், கையில் கொடுத்ததாகத்தான் கோர்ட் எடுத்துக்கொள்ளும். வாங்குங்கள், கவர் மேலேயே வந்த தேதியை எழுதுங்கள், கவரைத் தூக்கிப் போடாதீர்கள். கணக்கு எங்கே தப்பு, வட்டி எங்கே கூடுதல், எவ்வளவு அவகாசம் வேண்டும் என்று அந்த 60 நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுத்தால், பேங்க் 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். அதையும் மீறிச் சொத்தை எடுக்க நடவடிக்கை வந்தால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கோவையிலேயே ஒன்று இருக்கிறது. விவசாய நிலத்தின் மேல் இந்தச் சட்டம் பாயாது.

ஆனால் உண்மையில் வேலை நடக்க வேண்டியது இதற்கெல்லாம் முன்னால். தவணை 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதற்கு முன்பே உத்யம் சான்றிதழை (சிறு தொழில் பதிவுச் சான்று) வைத்து, 'நான் சிறு தொழில், கடனை மறுசீரமைத்துக் கொடுங்கள்' என்று பேங்குக்கு எழுதுங்கள். சிறு தொழில் கடனை மறுசீரமைக்கும் வழிமுறையைப் பேங்க் பின்பற்றியே தீரவேண்டும், ஆனால் சிறு தொழில் என்று ஆதாரத்தோடு காட்டுவது கடன் வாங்கியவர் பொறுப்பு, அதுவும் வாராக்கடன் ஆவதற்கு முன்னால் என்று 2024ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேனேஜரிடம் டீ குடித்துக்கொண்டே வாயால் சொன்னது கணக்கில் வராது (நான் மூன்று முறை சொன்னேன்). கடிதத்தை இரண்டு காப்பி எடுத்து, ஒன்றில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

நமக்கு வரவேண்டிய பணத்துக்கும் சட்டம் இருக்கிறது. குறு, சிறு தொழிலுக்கு, என்ன பேசியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும், எதுவும் பேசவில்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வசூலிக்க, குறு, சிறு தொழில்களின் பாக்கி வழக்கைத் தீர்க்கும் எளிதாக்கு மன்றத்தில் ஆன்லைனில் மனுப் போடலாம். தீர்ப்பை எதிர்த்து, பணம் தரவேண்டிய பார்ட்டி கோர்ட்டுக்குப் போனால் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். உத்யம் பதிவை இன்றே முடியுங்கள், வேலை முடித்துக் கொடுத்த பிறகு பதிந்தால் அதையே எதிர்த்தரப்பு வாதமாக்கும். மனுப் போட்டால் அடுத்த ஆர்டர் வருமா என்ற பயம் எனக்கும் உண்டு, அதனால் முதலில் கேட்க ஒரு நல்ல சாக்கு சொல்கிறேன்: கெடு தாண்டியும் மார்ச் 31க்குள் கொடுக்காவிட்டால் அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் கழிக்க வருமான வரியில் வழியில்லை. மார்ச் மாதத்தில் இதை அவர்கள் ஆடிட்டர் காதில் போட்டால் போதும்.

செக் விஷயத்தில் நாட்கள் இன்னும் குறைவு. நாம் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பினால், அந்த மெமோ கைக்கு வந்து 30 நாளுக்குள் செக் வாங்கியவர்கள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அது நமக்குக் கிடைத்த 15 நாளுக்குள் கட்டினால் 138 வழக்கே (செக் மோசடி வழக்கு) வராது. வெற்று செக் கொடுத்திருந்தால் நம்பரையும், யாருக்கு எதற்குக் கொடுத்தோம் என்பதையும் இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கையெழுத்து உங்களுடையது என்றால், கடனுக்காகக் கொடுத்ததில்லை என்று காட்டுவது உங்கள் பாடு.

வீட்டில் இருப்பவர்களுக்கு: ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் மனைவியும் கடன்காரர்தான். போடவில்லை என்றால் இல்லை. அப்பா கடனோடு இறந்துபோனால், அவர் விட்டுப்போன சொத்து அளவுக்குத்தான் பிள்ளைகள் பொறுப்பு, சொந்தச் சம்பளத்தில் கட்டச் சொல்ல முடியாது. சிவில் கோர்ட் ஜப்திக்கு வந்தாலும் தாலி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் கருவிகள் இதையெல்லாம் எடுக்கக் கூடாது.

வசூலுக்கு வருகிறவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீறினால் முதலில் பேங்குக்கு எழுதுங்கள், 30 நாளில் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்கள். தண்டல், மீட்டர் வட்டி, ஹவர் வட்டி எல்லாம் 2003 கந்துவட்டித் தடைச் சட்டத்தில் பெயர் சொல்லியே தடை செய்தவை. கடன் கொடுத்தவர்கள் வாசலில் நின்று மிரட்டினால் 2025ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டமும் இருக்கிறது. வீடியோ எடுங்கள், அப்புறம் போலீஸுக்குப் போங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்றால் இலவச சட்ட உதவி எண் 15100க்குப் போன் அடியுங்கள், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள். பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. என் வழக்கில் அம்மா பெயரில்தான் வீடு, அதனால் அம்மாவே மனுப் போட்டார்.

கடைசியில் மக்கள் நீதிமன்றத்தில் பேங்கோடு பேசி முடித்தோம். அங்கே கட்டணம் கிடையாது, ஆனால் மேல்முறையீடும் கிடையாது. அதனால் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு தவணைத் தேதியையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எங்கள் தாளில் முதல் தவணை 5ஆம் தேதி என்று டைப் ஆகியிருந்தது, எங்களுக்குப் பில் வருவதோ 10க்கு மேல்தான். அம்மாதான் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னார்.